குட்டு வைத்த விரலுக்கு வைத்தியம்

முன்னொரு காலத்தில் தும்பைநாடு என்று ஒரு நாடு. அதை மருதவாணர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனிதர்தான், ஆனால் ஒரு கெட்ட பழக்கம். சபையில் யாராவது அசட்டுத்தனமாகப் பேசிவிட்டால் பக்கத்தில் கூப்பிடுவார், குனியச் சொல்வார், நடுவிரலை மடக்கித் தலைப்பாகையோடு சேர்த்துத் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பார். ராஜா கையால் குட்டு வாங்குவது பெரிய மரியாதை என்று சபையோர் வெளியே சொல்லிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய்த் தலையைத் தடவிக்கொள்வது அவரவர் பாடு.

ஒரு நாள், குட்டுகிற அந்த விரலே ராஜாவுக்கு வலிக்க ஆரம்பித்தது. கணு வீங்கிச் சிவந்துவிட்டது. சோறு பிசைய முடியவில்லை, வாளைப் பிடிக்க முடியவில்லை. அரண்மனை வைத்தியர் பேச்சிமுத்து புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டார். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். வீக்கம் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். என்ன மாயமோ, அவருக்கே பிடிபடவில்லை.

சபையில் முதல் ஆசனம் தாண்டவராயர் என்பவருடையது. வாய் ஓயாத மனிதர், அதனால் குட்டும் அவருக்குத்தான் அதிகம். பேச்சிமுத்துவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அந்த வேலையில் தன் மைத்துனனை உட்கார வைத்துவிட வேண்டும் என்று பல வருஷமாக ஆசை. இதுதான் சமயம் என்று ராஜாவின் காதில் ஓதினார். வைத்தியர் வேண்டுமென்றே நோயை வளர்க்கிறார் என்றும், கொஞ்சம் பயம் காட்டினால் மருந்து தானாக வேலை செய்யும் என்றும் சொல்லி வைத்தார்.

ராஜா ஏற்கெனவே வலியில் எரிச்சலாக இருந்தார். வைத்தியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மூன்று நாள் தருகிறேன். என் விரல் சரியாகாவிட்டால் உம்முடைய நடுவிரலை வெட்டிவிடச் சொல்வேன்."

பேச்சிமுத்து தன் நடுவிரலைப் பார்த்துக்கொண்டார். நாடி பார்ப்பதற்கு மூன்று விரல் வேண்டும். நடுவிரல் போனால் பித்தம் எது, வாதம் எது என்று எப்படிச் சொல்வது? பிழைப்பே போய்விடும். வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தார். சபை கூடாத நாளில் வீக்கம் இறங்குகிறது, கூடுகிற நாளில் ஏறுகிறது. அப்படியானால் விஷயம் சபையில்தான் இருக்கிறது.

மறுநாள் சபையில் ஒரு தூணோரம் நின்று கவனித்தார். விரல் வலித்தாலும் ராஜா பழக்கத்தை விடவில்லை, அன்றைக்கும் நாலு பேருக்குக் குட்டு விழுந்தது. முதல் மூன்று பேரைக் குட்டியபோது ராஜாவின் முகம் மாறவில்லை. நாலாவது ஆள் தாண்டவராயர். விரல் தலையில் படுவதற்கு முன்பே மனிதர் "ஐயோ" என்றார். பட்ட பிறகு கையை உதறிக்கொண்டவர் ராஜா. அடடா, அப்படியா சங்கதி என்று வைத்தியர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் பெரிய மனிதரின் தலைப்பாகையில் கை வைத்தால் சும்மா விடுவார்களா? அதனால் மூன்றாம் நாள் காலையில் வைத்தியர் ஒரு சட்டி ஆமணக்கெண்ணெயைச் சுடவைத்துச் சபைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

"அரசே, தங்களிடம் யாருக்கு அன்பு அதிகமோ அவர் தலையில் இதைச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். வழிகிற எண்ணெயை எடுத்து விரலில் பூசினால் வலி போகும். அப்படி ஒருவர் இந்தச் சபையில் இருக்கிறாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம்."

தாண்டவராயரால் பொறுக்க முடியுமா? தன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று மார்தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் புத்தி வந்தது. வீட்டில் போய்த் தேய்த்துக்கொண்டு வருகிறேன் என்றார். எண்ணெய் ஆறிவிடுமே என்றார் வைத்தியர். எனக்குச் சளி பிடிக்கும், போன வாரம்தான் ஜுரம் விட்டது என்று இழுத்தார் தாண்டவராயர்.

"தலைப்பாகையை எடும்" என்றார் ராஜா.

எடுத்தார். உள்ளேயிருந்து தடித்த கொட்டாங்கச்சி ஒன்று விழுந்து, கடகடவென்று உருண்டு, சிம்மாசனத்தடியில் போய் நின்றது. ராஜா கொட்டாங்கச்சியைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். சட்டென்று அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. எல்லோரும் தலைப்பாகையை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பார்த்தால், ஒருவர் தலையில் இலவம்பஞ்சு. ஒருவர் தலையில் பழைய கம்பளித் துண்டு. மூத்த மந்திரியின் தலையில், பானை வைக்கிற வைக்கோல் பிரிமணை.

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பேர் தன் கைக்குப் பயந்து இப்படி வேஷம் போட்டார்களே என்று வருத்தமாகவும் இருந்தது.

"வைத்தியரே, நிஜமான மருந்தைச் சொல்லும்."

"ஒரு மண்டலம் யாரையும் குட்டக் கூடாது அரசே. மருந்தும் அதுதான், பத்தியமும் அதுதான்."

ராஜா அப்போதே அவரை முதல் ஆசனத்தில் உட்கார வைத்தார். தாண்டவராயரின் விரலை வெட்டிவிடலாமா என்றும் கேட்டார். தாண்டவராயர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். வேண்டாம், அந்த விரல்கள் எனக்கு வேண்டும் என்றார் பேச்சிமுத்து. நாற்பத்தெட்டு நாளும் காலையும் மாலையும் ராஜாவின் விரலுக்கு எண்ணெய் நீவிவிடுகிற வேலையை, வெறுந்தலையோடு, தாண்டவராயரே செய்ய வேண்டியதாயிற்று.

"எல்லாம் சரி, இனிமேல் அசடுகளை நான் எப்படித் திருத்துவது?" என்று கேட்டார் ராஜா.

"வாயால் சொல்லிப் பாருங்கள் அரசே. நாக்கு வலித்தால் அதற்கும் என்னிடம் மருந்து இருக்கிறது."

ராஜா தாண்டவராயர் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயால் சொல்ல ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள், குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு விடாமல் ஒரு நாழிகை சொன்னார். அது முடிவதற்குள் தாண்டவராயர் தாமாகவே ராஜாவின் முன்னால் வந்து, வெறுந்தலையைக் குனிந்து காட்டி, "இதற்குக் குட்டே தேவலை மகாராஜா" என்று கெஞ்சினார்.