வேலாயியின் சீப்புப் பட்டறை

மலையடிவாரக் காட்டில், ஒரு பாறைக்கு அடியில் வளை தோண்டி, வேலாயி என்ற முள்ளம்பன்றி சீப்புத் தொழில் செய்துவந்தாள். உடம்பிலிருந்து உதிரும் முட்களை அளவாக நறுக்குவாள். மரப்பட்டையில் வரிசையாக நட்டு, அரக்கை உருக்கி ஒட்டுவாள். மந்திக் கூட்டத்துக்கு அவள் சீப்பு இல்லாமல் பொழுதே விடியாது. கூலியாகக் கிழங்கு கொடுப்பார்கள். அதில் கொஞ்சத்தைக் கரடியிடம் கொடுத்துத்தான் அவள் அரக்கு வாங்க வேண்டும்.

தொழில் நல்ல தொழில்தான். தொல்லை என்னவென்றால், வேலாயி வீட்டில் இருந்தாள்!

"நீ வீட்லதானேக்கா இருக்கே!" என்று பக்கத்து வளை முயல் சீனி தன் ஆறு குட்டிகளையும் விட்டுவிட்டு மேயப் போய்விடுவாள். "நீ வீட்லதானே இருக்கே!" என்று கணவன் குத்தாலம் சொல்லாமல் கொள்ளாமல் பங்காளிகளைச் சாப்பிடக் கூட்டிவருவான். வேலாயிக்கு என்று உட்கார ஓர் இடம் கிடையாது. அடுப்படியில் பாதிச் சீப்பு, வாசலில் மீதிச் சீப்பு. முயல் குட்டிகள் முள்ளை எடுத்துக் காது குடைந்துகொண்டு திரியும். முகத்தை முறித்துப் பேச அவளுக்கு வராது. எல்லோரிடமும் சிரித்துச் சிரித்தே ஓய்ந்துபோனாள்.

ஒருநாள் மந்தித் தலைவர் வந்தார்.

"வேலாயி, என் பேத்திக்குக் கல்யாணம்! பௌர்ணமிக்குள்ள ஐம்பது சீப்பு வேணும். இந்தா, அச்சாரமா இருபது கிழங்கு!"

"ஒன்பது நாள்தானே இருக்கு, தலைவரே!"

"முடியலைன்னா இப்பவே சொல்லிடு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் செய்யறானாம். இந்தத் தடவை நீ தவறினா, இனிமே அவன்கிட்டதான்!"

வேலாயி விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். மந்திகள் போய்விட்டால் பிழைப்பே போய்விடும். "முடிச்சுத் தர்றேன்!" என்று வாக்குக் கொடுத்தாள். கிழங்குகளை வழக்கம்போல அடுப்படிக் குவியலில் போட்டுவிட்டு முள் நறுக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் அரக்கு வாங்கப் புறப்பட்டாள். குவியலில் பார்த்தால், வெறும் தோல்!

"கிழங்கு எங்கேங்க?"

குத்தாலம் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். "பங்காளிங்க பசின்னு வந்தாங்க, அவிச்சுப் போட்டேன். அதுக்கென்ன? நீ வீட்லதானே இருக்கே, மறுபடி சம்பாதிச்சுக்கலாம்!"

வேலாயிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பாதிக் கோபம் அவன்மேல். தொழில் முதலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுவைத்த தன்மேல் மீதிக் கோபம். அவள் அழவில்லை. நேரே வளையின் கடைசிக்குப் போய் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஓர் அறை ஆகிவிட்டது. மேலே ஒரு துளை போட்டு வெளிச்சம் வரவைத்தாள். பட்டையையும் முள்ளையும் உள்ளே அடுக்கினாள். பிறகு அறை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அத்தனை முட்களையும் சிலிர்த்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, சோறு ஆக்கலையா?"

"ஆக்கலை! நீங்களும் உங்க பங்காளிகளும் போய் இருபது கிழங்கு தோண்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியாது!"

"புருஷன்கிட்டயே முள்ளைத் தூக்குறியா?"

"நீங்க தின்னது என் முதல்! யாரு கிட்ட வந்தாலும் குத்தும்!"

குத்தாலம் நம்பாமல் ஒரு காலை முன்னே வைத்தான். மூக்கில் சுருக்கென்றது. வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தான்.

விடிந்ததும் சீனி குட்டிகளோடு வந்தாள். "அக்கா, இதுங்களைக் கொஞ்சம் பாத்துக்கோ!"

"முடியாது, சீனி!"

"வீட்லதானே இருக்கே?"

"வேலையில இருக்கேன்! சாயங்காலம் கூட்டிட்டு வா, மடியில வச்சுக் கொஞ்சறேன். பகல்ல யாரும் உள்ள வரக்கூடாது!"

சீனி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வேலாயிக்குத் தலைக்கனம் என்று காடு முழுக்கச் சொன்னாள். அது வேலாயியின் காதிலும் விழுந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் முள்ளை இறக்கவில்லை.

மூன்றாம் நாள் குத்தாலமும் பங்காளிகளும் மூச்சிரைக்க வந்து இருபது கிழங்கை இறக்கினார்கள். எல்லோருக்கும் நகம் தேய்ந்திருந்தது.

"யப்பா! ஒரு கிழங்குக்கு இவ்வளவு பாடா!" என்று முனகினான் ஒரு பங்காளி.

அரக்கு வந்தது. அதன்பிறகு வேலாயி குனிந்த தலை நிமிரவில்லை. பௌர்ணமியன்று காலையில் மந்தித் தலைவர் வந்தபோது ஐம்பதாவது சீப்பில் அரக்கு ஆறிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றை எடுத்துத் தன் தாடியை வாரிப் பார்த்தார்.

"இனிமே நான் எதுக்கு ஆத்தைத் தாண்டணும்?" என்று சிரித்து, அறுபது கிழங்கு கொடுத்தார்.

குத்தாலம் ஆசையோடு அள்ளிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினான்.

"நில்லுங்க!" வேலாயி கிழங்கை மூன்றாகப் பிரித்தாள். "இது சாப்பாட்டுக்கு, எடுத்துட்டுப் போங்க. இது அரக்குக்கு. இது வேலை வராத மாசத்துக்கு. இந்த ரெண்டும் என் அறையில இருக்கும்!"

"ஒரே வீட்டுக்குள்ள உனக்கு எனக்குன்னு பிரிக்கிறியா?"

"உங்களுக்கு எனக்குன்னு இல்லீங்க. வாய்க்கும் வேலைக்கும் பிரிக்கிறேன்!"

குத்தாலம் முதல் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டான்.

அப்போது வெளியே சீனியின் குரல் கேட்டது. "வீட்டுக்குள்ள ஒரு பொந்தைத் தோண்டி வச்சுக்கிட்டு, என்னமோ ஆபீஸ் நடத்துறவ மாதிரி!"

"ஆமாடி, ஆபீஸ்தான்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் வேலாயி. "சாயங்காலம் வா!"

வீட்டில் செய்தாலும் வேலை வேலைதான். அதற்கென்று ஓர் இடத்தையும் முதலையும் ஒதுக்கி, அவற்றைத் தொட வருகிறவர் யாராக இருந்தாலும் 'முடியாது' என்று சொல்லத் துணிந்தவரின் தொழில்தான் நிலைக்கும்.