பானெட்டுக்குள்ள பூத்த உப்பு

தில்ஷாத் மாஸ்டருக்கு முப்பத்தொரு வயசு. அவங்ககிட்ட தொழில் கத்துக்க வந்த அருளப்பனுக்கு அம்பத்திரெண்டு. என்னடா இது தலைகீழா இருக்கேன்னு யாராவது சிரிக்க வாயெடுத்தா, அதுக்குள்ள அவரே சிரிச்சு முடிச்சிருப்பாரு.

இருபத்தஞ்சு வருசம் பாட்டுக் கச்சேரியில, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல மேடையேறி பல குரல் பேசுன மனுசன். கலெக்டர் மாதிரி பேசுவாரு, கண்டக்டர் மாதிரி பேசுவாரு, கன்னுக்குட்டி தாயத் தேடுற மாதிரியும் கத்துவாரு. கச்சேரி செட்டு கலைஞ்சு போச்சு. பசி கலையலையே! திண்டுக்கல் பைபாஸ்ல மாஸ்டரோட கார் கழுவுற ஷெட்டுல வந்து சேந்துட்டாரு.

அந்த ஷெட்டுல அவர் குரலுக்கு சிரிக்காத ஆளு ஒருத்தர்தான். மாஸ்டர்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். இன்ஜின் கழுவ வண்டி வந்தா, பானெட்டத் தூக்கி வச்சுட்டு, ஒரு கையில டார்ச் லைட்டு, இன்னொரு கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பாங்க. தண்ணி கெடையாது, பிரஷ் கெடையாது. வாங்கி வச்ச டீ ஆறிப்போற வரைக்கும் அந்த அழுக்கையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. அப்புறம்தான் தண்ணி படக்கூடாத இடத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பையக் கட்டிக் கழுவ விடுவாங்க.

கழுவுன அன்னைக்கே பாலிஷ் போடவும் விடமாட்டாங்க. இன்ஜின ஓடவிட்டு, ஒரு ராத்திரி நிக்கவிட்டு, காலையில மறுபடியும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் பாலிஷ் டப்பாவத் தொறக்கணும்.

அருளப்பன் இதப் பாத்துட்டு சும்மா இருப்பாரா? மாஸ்டர் அந்தப் பக்கம் போனதும் கையப் பின்னாடி கட்டிக்குவாரு. பொண்ணு பாக்க வந்த அத்தை மாதிரி குனிஞ்சு, பானெட்டுக்குள்ள பாத்து, "ம்ம்... பொண்ணு மூக்கும் முழியுமாத்தான் இருக்கு... சமைக்கத் தெரியுமாம்மா?"ம்பாரு. ஷெட்டே அதிரும்.

ஒருநாள் நேராவே கேட்டுட்டாரு.

"மாஸ்டர், எப்படியும் கழுவப்போற அழுக்குதான? அதுல அப்படி என்னதான் இருக்கு?"

"பாருங்கண்ணே."

"பாத்துட்டேன். அழுக்கு."

"இன்னும் கொஞ்சம் பாருங்க."

"இன்னும் கொஞ்சம் அழுக்கு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மாஸ்டர் டார்ச்ச அணைச்சுட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டாங்க.

அந்த வாரம் சனிக்கிழமை மாஸ்டர் திருச்சிக்கு ஒரு நிக்காஹுக்குக் கெளம்பிட்டாங்க. சாயங்காலம் போல அருளப்பனோட கூட்டாளி சுருளிவேல் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தாரு. பழைய வண்டி, வாடகைக்கு ஓடுறது. பின்சீட்ல மக துர்கேஸ்வரி, மடியில புஸ்தகம்.

"மாப்ள, மேலாக்க தண்ணி அடிச்சு விடு போதும். நாளைக்கு மதுரையில புள்ளைக்குப் பரிச்ச. எஸ்.ஐ. பரிச்ச. வயசுக் கணக்குப்படி இதுதான் அவளுக்குக் கடைசித் தடவ."

"மேலாக்கவா? இன்ஸ்பெக்டரம்மா போற வண்டிடா இது! தூக்குடா பானெட்ட."

"டேய், பானெட்டெல்லாம் யாருடா கேட்டா?"

"நீ கேக்கல. நானா செய்யுறேன். துர்காவுக்கு மாமன் சீர்."

பானெட்டத் தூக்குனா உள்ள ஒரே கருப்பு. அந்தக் கருப்புக்கு நடுவுல, ரேடியேட்டர்ல வந்து மாட்டுற தடிச்ச ரப்பர் பைப்போட வாயோரம் மட்டும் ரோஸ் கலர்ல உப்பு பூத்த மாதிரி ஒரு பொருக்கு.

அருளப்பன் கண்ணு அதுலதான் போயி விழுந்துச்சு.

"ஏன்டா சுருளி, இன்ஜினுக்கு யாருடா லிப்ஸ்டிக் போட்டு விட்டது?" அடுத்த நிமிசமே அவர் வாயில சுருளி சம்சாரம் குரல் வந்துருச்சு. "ஏங்க! சவாரி சவாரின்னுட்டு யார ஏத்திக்கிட்டுத் திரியுறீங்க?"

சுருளிவேல் வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. துர்காவும் புஸ்தகத்த மூடிட்டு சிரிச்சா. அந்த சிரிப்போட சிரிப்பா அருளப்பன் துணிய எடுத்து ஒரே இழுப்பு. பொருக்கு இருந்த இடம் தெரியல.

தேச்சாரு, கழுவுனாரு, காத்தடிச்சுக் காய வச்சாரு. பாலிஷ் டப்பாகிட்ட வந்தப்ப மாஸ்டர் சொன்னது ஞாபகம் வராம இல்ல. வந்துச்சு. ஆனா விடிஞ்சா பரிச்ச. நிக்கவிட்டுப் பாக்க ராத்திரிக்கு எங்க போறது? உடனே கையப் பின்னாடி கட்டிக்கிட்டு, மாஸ்டர் குரல்லயே தனக்கு உத்தரவு குடுத்துக்கிட்டாரு.

"போடுங்கண்ணே, பரவால்ல."

போட்டாரு. ரப்பர், பிளாஸ்டிக்கு, பைப்பு ஒண்ணு விடல. எல்லாம் மழையில நனைஞ்ச நாவப்பழம் மாதிரி மினுங்குச்சு.

"என் கல்யாணத்துல நான்கூட இப்படி மினுங்கலடா"ன்னாரு சுருளிவேல்.

"உன் மூஞ்சிக்கு ஏதுடா பாலிஷு?"

துர்காவுக்குக் கொஞ்சம் படபடப்பு இருந்துச்சு. கெளம்புறப்ப சன்னல் வழியா தலைய நீட்டுனா.

"மாமா, பரிச்ச நடத்துற ஆபீசர் மாதிரி பேசிக் காட்டுங்களேன்."

அருளப்பன் கன்னத்த உப்பிக்கிட்டாரு, மூக்கால பேசுனாரு. "மணியாயிருச்சும்மா... கேட்ட சாத்தியாச்சு... ஒண்ணும் பண்ண முடியாதும்மா... போயிட்டு வாம்மா..."

துர்கா சிரிச்ச சிரிப்பு வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் கேட்டுச்சு.

திங்கக்கிழமை காலையில ஒரு லோடு ஆட்டோ அந்த வண்டியக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சு. ஷெட்டுக்குப் பக்கத்துலதான் மெக்கானிக் கடை. அருளப்பன் வாசலுக்கு ஓடியாந்தாரு.

"என்னடா சுருளி, வண்டிக்கு நாய்ச்சங்கிலி போட்டுக் கூட்டியார?"

சுருளிவேல் சிரிக்கல. முப்பது வருசத்துல இதுதான் மொதத் தடவ.

"வாடிப்பட்டி தாண்டுனதும் பொகை வந்துருச்சு மாப்ள. தண்ணி பூரா ஒழுகிருச்சு. குடிக்க வச்சிருந்த தண்ணிய ஊத்தி ஓட்டுனேன். ரெண்டு கிலோமீட்டர்ல மறுபடியும் நின்னுருச்சு. நாலு வழி ரோடு, ஒரு பஸ்ஸும் நிக்கல. பைக்ல போன ஒரு புண்ணியவான் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போனாரு."

"போயிச் சேந்தாளா?"

"சேந்தா. பத்து நிமிசம் லேட்டு."

அருளப்பனுக்குக் கையில இருந்த துணி கனத்துப் போச்சு.

"கெளம்புறப்ப பானெட்டத் தொறந்து பாக்கலையாடா?"

"பாத்தேன் மாப்ள. அந்தப் பைப் வாயில ஒரு சொட்டு நின்னுச்சு. அதான் உள்ள எல்லாமே ஈரமாட்டம் மினுங்குச்சே. உன் பாலிஷ்தான் வழியுதுன்னு நெனச்சுட்டேன்."

அருளப்பன் குனிஞ்சு வண்டியில கட்டியிருந்த கயித்த அவுக்க ஆரம்பிச்சாரு.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத"ன்னாரு சுருளிவேல். "ஆசையாத்தான செஞ்ச."

அதுக்கு நாலு அறை குடுத்திருக்கலாம். வாங்கிட்டு அருளப்பன் நிம்மதியா நின்னிருப்பாரு.

"துர்கா எங்கடா?"

"வீட்டுல. புஸ்தகத்தயெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டா. உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா."

"என்ன?"

"கேட்டுல நின்ன ஆபீசரு அச்சு அசல் நீ பேசுன மாதிரியேதான் பேசுனாராம்."

கோவத்துல சொன்னாளா, சும்மா சொன்னாளான்னு சுருளிக்கும் தெரியல. சொல்லிட்டு மெக்கானிக்கத் தேடிப் போயிட்டாரு.

மத்தியானம் மாஸ்டர் வந்தாங்க. அருளப்பன் ஒரு கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்திருந்தாரு. தட்டுல சோறு அப்படியே இருந்துச்சு. நடந்ததெல்லாம் சொன்னாரு. யார் குரலும் போடல, தன்னோட குரல்லயே சொன்னாரு. அது அவ்வளவு தேஞ்ச குரலுன்னு ஷெட்டுல யாருக்கும் அதுவரைக்கும் தெரியாது.

"பைப் பழசு மாஸ்டர். மெக்கானிக்கும் அதத்தான் சொல்றாரு. கொஞ்ச நாளாவே கசிஞ்சு, அந்தத் தண்ணி காஞ்சுதான் ரோஸ் உப்பா பூத்திருக்குமாம். நான் கழுவலைன்னாலும் ஒருநாள் ஒழுகித்தான் இருக்கும். எம்மேல தப்பு இருக்கா மாஸ்டர்?"

மாஸ்டர் டார்ச்ச எடுத்துக்கிட்டு நடந்தாங்க. அருளப்பன் பின்னாடியே போனாரு. மெக்கானிக் கடை முத்தத்துல சுருளி வண்டி நின்னுச்சு. மாஸ்டரே பானெட்டத் தூக்குனாங்க.

உள்ள இன்னும் மினுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நல்ல வேலை. யார் பாத்தாலும் நல்ல வேலைன்னுதான் சொல்லுவாங்க.

மாஸ்டர் டார்ச்ச அவர் கையில குடுத்தாங்க.

"அண்ணே, நீங்கதான் எல்லாரு மாதிரியும் பேசுவீங்களே."

"மாஸ்டர், இன்னைக்கு வேணாம்..."

"இந்த இன்ஜின் மாதிரி ஒரு தடவ பேசிக் காட்டுங்க."

கிண்டலான்னு நிமிந்து மாஸ்டர் மூஞ்சியப் பாத்தாரு. கிண்டல் இல்ல. ஷெட்டுல சேந்த ரெண்டு வருசத்துல அவங்க அவர்கிட்ட ஒரு குரல் கேட்டது இதுதான் மொதத் தடவ.

அருளப்பன் குனிஞ்சாரு. இந்தப் பக்கம் அடிச்சுப் பாத்தாரு, பளபளன்னு இருந்துச்சு. அந்தப் பக்கம் அடிச்சாரு, அங்கயும் பளபளப்பு. பைப்போட வாய்கிட்ட வெளிச்சத்தக் கொண்டு போனாரு. அங்க டார்ச்சோட வெளிச்சமும் அவரோட மூஞ்சியும்தான் தெரிஞ்சுச்சு. வாங்கி வச்ச டீ ரெண்டும் ஆடை கட்டிருச்சு. அவர் நிமிரல.

ரொம்ப நேரம் கழிச்சு டார்ச்ச எறக்குனாரு.

"இது ஒண்ணுமே பேசலையே மாஸ்டர்."

மாஸ்டர் பானெட்ட மெதுவா எறக்கி மூடுனாங்க.

"சனிக்கிழமை பேசுச்சுண்ணே. நீங்க வாயத் தொடச்சு விட்டுட்டீங்க."