ஆறப்போட்ட துணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவின் பெயர் ரெஜினா. தானாகத் துணி வெட்டும் கம்ப்யூட்டர் மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தவள். சீடர் நாச்சிமுத்துவின் மூத்த மகளைவிட அவளுக்கு வயது குறைவு. ஆனால் மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டது சீடரைத்தான். கட்டிங் மாஸ்டரை வேறெப்படிக் கூப்பிடுவது? குருவும் அப்படியே கூப்பிட்டாள்.

அந்த மெஷின் வந்ததிலிருந்து டீக்கடையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மெஷின் ஆளை விழுங்கிவிடும் என்றார்கள் பாதிப் பேர். கற்றுக்கொள்ளாதவன் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்றார்கள் மீதிப் பேர். இரண்டு கட்சியிலும் மெஷினைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

நாச்சிமுத்துவோடு பயிற்சிக்கு வந்த பழனியப்பன் பார்த்தார். பார்த்த மறுநாளே எழுந்துவிட்டார்.

"சின்னப் புள்ளகிட்ட உக்காந்து பாடம் படிக்கோணும்னு எனக்கென்ன தலையெழுத்து? வா நாச்சி, கை மெஷின் ஓடற கம்பெனி இன்னும் எத்தனையோ கெடக்குது."

"நீ போ. நான் இதை ஒரு கை பார்க்காம வரமாட்டேன்."

மனதில் வைராக்கியம் இருந்தது. கைதான் பேச்சைக் கேட்கவில்லை. பழைய கை மெஷினில் வலது கை கத்தியைத் தள்ளும். இடது கை துணியை அழுத்திப் பிடித்தபடி கூடவே போகும். புது மெஷினில் பிடிக்கிற வேலையே இல்லை. மேசையே துணியைக் கீழிருந்து காற்றால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெட்டும்போது உள்ளே கை வந்தால் மெஷின் தானாக நின்றுவிடும்.

கத்தி நகரும். நாச்சிமுத்துவின் இடது கை துணியை அழுத்தப் போகும். மெஷின் நிற்கும். தையல் பக்கமிருந்து சிரிப்பு கேட்கும்.

சனிக்கிழமைக்குள் ஓட்ட வராதவர்கள் பேக்கிங்குக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பேக்கிங்கும் வேலைதான், சம்பளமும் அதேதான். ஆனால் வெட்டும் மேசையை விட்டுப் போக நாச்சிமுத்துவுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலையிலும் மெஷின் நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றது. அவர் இடது கையைத் தூக்கி, அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. இந்தக் கைக்குத்தான் புரிய மாட்டேங்குது. இது என்னால ஆகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க."

கோடவுனிலிருந்து அப்போதுதான் வந்த துணி ரோலைப் பிரித்து, பழைய மேசையின் மேல் விரிக்கத் தொடங்கினாள் ரெஜினா. நாச்சிமுத்து பழக்கத்தில் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக நாலைந்து மடிப்பு விரித்தார்கள்.

கை மெஷினை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெட்டுங்க மாஸ்டர்."

"இப்பவேவா?"

"ஆமா."

"நல்லாச் சொன்னீங்க போங்க! ரோல்ல இருந்து இப்பத்தான வந்துச்சு? ஆறோணுமல்லோ."

"வெட்டினா என்ன ஆகும்?"

"வெட்டறப்ப அளவு சரியாத்தான் இருக்கும். ரோல்ல இழுத்துச் சுத்தின துணிங்க இது, அந்த இழுவை இன்னும் விடலை. தைக்கப் போறதுக்குள்ள சுருங்கிப்போகும். லார்ஜ்னு வெட்டினது மீடியமா வந்து நிக்கும்."

"அப்ப துணி மட்டமா?"

"துணியை ஏனுங்க குத்தம் சொல்றீங்க? முதல் தரமான துணி. அவசரப்பட்டு வெட்டறவனைச் சொல்லோணும்."

"அப்போ ரோலை ஒரு ஓரமா வெச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சு வெட்டலாமா?"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மணி, கம்ப்யூட்டர் படிச்சீங்க, துணியைப் படிக்கலை. ரோலாவே வருசம் முழுக்கக் கெடந்தாலும் இழுவை விடாது. பிரிக்கோணும். உதறி உதறிப் போடோணும். அப்பத்தான் ஆறும்."

ரெஜினா அவருடைய இடது கையைப் பார்த்தாள்.

"இந்த ரோலைச் சுத்தி எத்தனை வருசம் இருக்கும் மாஸ்டர்?"

அவர் துணியைப் பார்த்தார். பிறகு அவள் பார்த்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தார்.

"பதினேழு வயசுல மேசைக்கு வந்தேனுங்க," என்றார்.

பழைய மேசையை விட்டுப் புது மெஷினிடம் போனார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வலது கையால் பட்டனை அழுத்தினார். கத்தி நகர்ந்தது. ஒரு ஸ்லீவ் வெட்டி முடிந்தது. இரண்டாவது ஸ்லீவின் பாதியில் கை பெல்ட்டை விட்டுவிட்டு ஓடி வந்தது. மெஷின் நின்றது.

தையல் பக்கம் சிரித்தார்கள்.

"சிரிங்க சிரிங்க. இது ஒரு உதறல்," என்றார் நாச்சிமுத்து. குருவிடம் திரும்பினார். "சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஒரு மணி நேரம் இருப்பீங்களா அம்மணி?"

"நீங்க இருந்தா நானும் இருப்பேன்."

அப்போது மேனேஜர் உள்ளே வந்தார். நின்றிருந்த மெஷினையும் அதன் முன்னால் நின்றிருந்த நாச்சிமுத்துவையும் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"என்னம்மா, இன்னைக்கு சனிக்கிழமை. மாஸ்டரைப் பேக்கிங்குக்கு அனுப்பிடலாமா?"

நாச்சிமுத்துவின் இடது கை மறுபடி பெல்ட்டைப் பிடித்திருந்தது.

"வேண்டாம் சார்," என்றாள் ரெஜினா. "இப்பத்தான் பிரிச்சுப் போட்டிருக்கோம். ஆறட்டும்."

மேனேஜர் பழைய மேசையில் விரித்திருந்த துணியை எட்டிப் பார்த்தார். "நான் துணியைக் கேக்கலைம்மா. ஆளைக் கேட்டேன்."

"நானும் ஆளைத்தான் சார் சொன்னேன்."