பாத்துக்கலாம் சார்

"அவன் பச்சைத் துரோகிம்மா. சிரிச்சுக்கிட்டே கழுத்தை அறுத்துட்டான்."

செருப்பைக் கழற்றும் முன்பே கோதண்டம் ஆரம்பித்துவிட்டார்.

ஜெசிந்தா வாசலில் ஒரு பழைய பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"யாரு?"

"அவன்தான். அந்த..."

"பேரு வேண்டாம் அண்ணாச்சி."

"பேரைச் சொன்னாத்தானே உங்களுக்கு..."

"பேரைச் சொன்னா நான் அவனைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சிருவேன். உக்காருங்க."

ஜெசிந்தா வயதில் கோதண்டத்துக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் அவர் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அந்த வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான். அனல்மின் நிலையத்தில், கட்டி முடித்த இயந்திரங்களை முதன்முதலாக ஓட வைக்கும் வேலை பார்த்தவள். கொதிகலன்காரன் முகத்தில் டர்பைன்காரன் விழிக்க மாட்டான் என்றிருந்த இடத்தில், இரண்டு பேரையும் ஒரே சட்டியில் சோறு தின்ன வைத்தவள். இப்போதும் எங்கேயாவது இன்ஜினீயர்கள் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு வேலை நின்றுபோனால், இந்த வாசலுக்குத்தான் வண்டி வரும்.

அவளிடம் அறிவுரை மட்டும் கேட்கக் கூடாது. கிடைக்காது.

கோதண்டம் யார் வாசலிலும் போய் நிற்கிற ஆள் இல்லை. பகலில் செங்கல் சுமந்து, மாலையில் பாலிடெக்னிக் படித்து, அடிபட்டு, ஏமாந்து, எழுந்து வந்தவர். சிமெண்டு விற்க வருகிறவன் அவரிடம் பேரம் பேசிவிட்டுப் போனால் வீட்டில் போய் விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி படுத்துக்கிடப்பான். கோபம் வந்தால் தலையில் இருக்கும் ஹெல்மெட் பறக்கும். இன்றைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குத் தலைமை இன்ஜினீயர்.

அந்த ஆஸ்பத்திரிதான் இப்போது அவரை இந்த வாசலுக்குத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது.

"மொட்டைமாடியில பெருசா ஒரு தண்ணித் தொட்டி வேணும்னாரு சேர்மன். பைபாஸ்ல போற பஸ்ஸுக்கெல்லாம் தெரியணும், அதுல ஆஸ்பத்திரி பேரு எழுதணும்னாரு. தொட்டி வந்தா பாரம். பாரம் வந்தா அதைத் தாங்குத பீமை ஆழமாப் போடணும். போட்டேன். கீழ ஆபரேஷன் தியேட்டர். அங்க கூரையில பீம் நல்லா எறங்கிருச்சு."

"சரி."

"நான் ஒண்ணும் சொல்லாமக் கொள்ளாமப் போடலம்மா. மீட்டிங்ல எல்லாரையும் வெச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். பீம் எறங்குது, அதுக்குக் கீழ ஏசி குழாய் போகுமான்னு."

"ஏசிக்காரன்தானே ஒங்க துரோகி? என்ன சொன்னான்?"

"பாத்துக்கலாம் சார்னான்."

"கரண்டு வேலை பாக்குறவங்க?"

"அது ஒரு பொண்ணு. அதுவும் பாத்துக்கலாம் சார்னுச்சு."

"பாத்தாங்களா?"

"எங்க பாத்தாங்கம்மா!" கோதண்டத்தின் கை தலைக்குப் போனது. நல்லவேளை, ஹெல்மெட் இல்லை. "குழாயைச் சப்பையா நசுக்கிச் சந்துல சொருகி வெச்சிருக்கான். கேபிளுக்கு எடம் இல்லன்னு அவ கத்துதா. ரெண்டு பேரும் குடுமிப்பிடி. மெஷினைப் போட்டா தியேட்டருக்குள்ள காத்தே வரல. நோயாளி பெருமூச்சு விடுத மாதிரி வருது. பெரிய டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. ஆடவே இல்ல. 'இந்தக் காத்துல நான் ஒரு வயித்தையும் கிழிக்க மாட்டேன்'னுட்டு இறங்கிப் போயிட்டாரு."

குரல் தழைந்தது.

"திறப்பு விழாவுக்கு ஊரெல்லாம் அழைச்சாச்சு. தியேட்டர் இல்லன்னா அது ஆஸ்பத்திரி இல்லம்மா, லாட்ஜு. நான் கட்டினதுலயே பெரிய கட்டடம். பூட்டிக் கெடக்கப்போவுது. முடியாதுன்னு அவன் அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஜெசிந்தா மண்ணெண்ணெயில் கையைக் கழுவினாள்.

"நடந்துக்கிட்டே பேசுவோமா? கடலைப் பாத்து நாளாச்சு."

தெருமுனையில் வழி இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் மாதா கோயில் தெரு. வலப்பக்கம் உப்பளங்களுக்கு நடுவே போகும் தார்ச்சாலை.

ஜெசிந்தா வலப்பக்கம் திரும்பினாள்.

கோதண்டத்தின் கால் ஒரு நொடி தயங்கியது.

அந்தச் சாலை கடலுக்குப் போகாது. ஓர் ஓடைக் கரையில் வெட்டென்று முடிந்துவிடும். பாலம் வரும் என்றார்கள், வரவில்லை. சாலையைப் போட்டவரே அவர்தான்.

அவள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். அவர் பின்னால் போனார்.

உச்சி வெயில். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு. கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஜெசிந்தா பம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த வாஷர் தேய்ந்தது, எவன் தப்பாக மாட்டினான். கோதண்டம் "ம்" போட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பாதி வழியில் அவள் நின்றாள்.

"ஏன் அண்ணாச்சி, இப்படிப் போனா கடல் வரும்லா?"

கோதண்டம் வாயைத் திறந்தார். மூடினார்.

"பாத்துக்கலாம்மா. போவோம்."

ஜெசிந்தா தலையாட்டிவிட்டு நடந்தாள்.

சாலை முடிந்தது. கீழே கறுப்புத் தண்ணீர், இடுப்பளவு சேறு. அக்கரையில் கடல் பளபளவென்று கிடந்தது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

"ரோடு முடிஞ்சிருச்சே," என்றாள் ஜெசிந்தா.

"ஆமா."

"நல்ல ரோடு. ஒரு குண்டு குழி இல்ல. யாரு போட்டது?"

கோதண்டம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நான்தான்."

"அப்போ தெரியும்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"நீங்க வலப்பக்கம் திரும்பினப்பவே."

"நடுவுல நின்னு கேட்டேன்லா?"

"கேட்டீங்க."

"பின்ன? வாயில கொழுக்கட்டையா?"

"நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருந்தீங்க. ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன். நானே ஒரு காரியமா உங்ககிட்ட வந்திருக்கேன். வந்த எடத்துல, உங்க வழி தப்புன்னு நான் எப்படி..."

 ஓடைக்குள் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

கோதண்டத்துக்குக் கோபம் ஏறியது.

"இதுக்குத்தான் என்னைய இந்த வெயில்ல இழுத்துக்கிட்டு வந்தீங்களா?"

"எனக்கும் அதே வெயில்தான்."

"நானும் அவனும் ஒண்ணாம்மா? நான் என்ன அவனைக் கடிச்சா தின்னுருவேன்?"

"அவன் ஏணியைக் கொண்டுபோய்ச் சாய்ச்சு வேலையை ஆரம்பிக்கணும்னா யாரு விடணும்?"

"நான்தான். எந்தத் தளம், எந்த நாள், யாருக்குன்னு சொல்லுதது நான்தான். இல்லன்னா ஆளாளுக்கு ஏறி மிதிச்சிருவாங்கல்லா."

"ஒங்ககிட்ட யாருமே முடியாதுன்னு சொன்னதில்லையா?"

"இல்ல." யோசித்தார். "ஒரு தடவை. அந்தக் கரண்டுப் பொண்ணு, வந்த புதுசுல. நான் வரைஞ்ச சுவத்துல ஒயர் பைப்பு பதிக்க முடியாது சார்னு எல்லார் முன்னாடியும் சொல்லிருச்சு."

"நீங்க?"

"ஒண்ணும் சொல்லல. தளத்தை அதுக்குக் கடைசியாத் திறந்துவிட்டேன்."

"கடைசியான்னா?"

"பூச்சு வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு." கோதண்டம் ஓடையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பூசின சுவத்தை மறுபடி கொத்தி, குழாயைப் பதிச்சு, பூசிக் குடுத்துச்சு. மூக்கு வாயெல்லாம் சிமெண்டுத் தூசி."

"அப்போ ஒங்க துரோகி எங்க இருந்தான்?"

"அங்கனதான். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு..."

"பாக்கவே இல்லன்னு சொன்னீங்க," என்றாள் ஜெசிந்தா. "நல்லாத்தானே பாத்திருக்கான்."

அவள் திரும்பி நடந்தாள்.  வாசலுக்கு வந்து சேர்ந்ததும் கோதண்டம் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தியேட்டரில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஏசி இன்ஜினீயர் இன்பராஜ் கூரையைப் பார்த்தான். மின் இன்ஜினீயர் ராபியா தரையைப் பார்த்தாள். தலைமை இன்ஜினீயர் கதவைத் திறந்துகொண்டு வந்தால் நிற்கிற நிற்பு அது.

"இதை எப்படியாச்சும்..." என்று ஆரம்பித்தார் கோதண்டம்.

நிறுத்தினார். கவிழ்த்துக் கிடந்த பெயிண்டு வாளி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது ஏன் முடியாது?"

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து அடி விழப்போகிறதோ என்ற பார்வை.

"பாத்து..." என்று இன்பராஜ் இழுத்தான்.

"வேண்டாம்," என்றார் கோதண்டம். "அந்த வார்த்தையை வெச்சு இன்னைக்கு எனக்கு ஏற்கெனவே செருப்படி விழுந்தாச்சு. முடியாதுன்னு சொல்லுங்க. ஏன்னு சொல்லுங்க. நான் குறுக்க பேசினா அந்த ஹெல்மெட்டை எடுத்து என் தலையில போடுங்க."

ராபியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"காத்து இந்தப் பீமுக்குக் கீழ போகவே போகாது சார்," என்றாள். "எத்தனை மாசம் நசுக்கினாலும் போகாது."

"மூக்கை ஒரு கையால பொத்திக்கிட்டு ஓடச் சொல்லுத மாதிரி சார்," என்றான் இன்பராஜ். வாய் திறந்ததும் அவனுக்கு நிற்கவில்லை. "மெஷின் அந்தக் கோடியில. தியேட்டர் இந்தக் கோடியில. நடுவுல இருக்குத ஒவ்வொரு பீமையும் குனிஞ்சு குனிஞ்சு தாண்டணும். வந்து சேருறதுக்குள்ள காத்து செத்துப்போவுது."

"அதுக்கு மெஷினையே மேல தூக்கிரலாம்," என்றாள் ராபியா.

"தியேட்டருக்கு நேர் மேல. மொட்டைமாடியில."

"ரெண்டு பீமுக்கு நடுவுல தளத்துல ஒரு ஓட்டை. குழாயை நேரா எறக்கிரலாம்."

"ஒரு பீமைக்கூடத் தாண்ட வேண்டாம்."

"கரண்டு அங்க இருக்கு. தண்ணி மோட்டாருக்கு ஏற்கெனவே இழுத்து வெச்சிருக்கேன்."

ராபியா தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் கோடு போட்டாள். இன்பராஜ் அதை அழித்து வேறு போட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டுத் திருத்தினாள். "லூசு, அங்க கம்பி இருக்கு." "சரி, சரி, இங்க?" "ஆங், இங்க."

கோதண்டம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை கட்டடம் கட்டியிருக்கிறார், எத்தனை மேஸ்திரி, எத்தனை இன்ஜினீயரை வேலை வாங்கியிருக்கிறார்! ஒருத்தன் பாதி சொல்ல மற்றவள் மீதி சொல்லி, இரண்டு தலையும் ஒன்றாகி ஓடுகிற இந்த ஓட்டத்தைத் தன் சைட்டில் அவர் ஒரு நாளும் கண்டதில்லை. அடேயப்பா. இவ்வளவையும் எங்கே வைத்திருந்தார்கள்?

திடீரென்று இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"பாரம் தாங்குமா சார்?"

அவர்கள் அவரிடம் உத்தரவு கேட்கவில்லை. தெரிந்தவனிடம் தெரியாததைக் கேட்டார்கள். கோதண்டம் வாளியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தாங்கும். தண்ணித் தொட்டிக்கே போட்ட பீம். ஒங்க மெஷின் அதுக்குத் தூசி. ஓட்டையைச் சுத்திக் கம்பி கூடுதலா வேணும், அதை நான் போட்டுத் தாரேன்." பிறகு கேட்டார்: "இதை எப்போ யோசிச்சீங்க?"

இன்பராஜ் ராபியாவைப் பார்த்தான்.

"சொல்லுங்கய்யா."

"பீமுக்குக் கம்பி கட்டும்போதே சார்," என்றான் இன்பராஜ். "டீக்கடையில உக்காந்து."

"ரெண்டு பேருமா? நீங்கதான் எந்நேரமும் குடுமிப்பிடியாச்சே?"

"அது உங்க முன்னாடி சார்."

கோதண்டம் தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"சரி. இவ்வளவு தெளிவா இருக்கு. பின்ன ஏன் முடியாது?"

இன்பராஜ் மறுபடி கூரையைப் பார்க்கத் தொடங்கினான். ராபியா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"மெஷின் வைக்க வேண்டிய எடத்துலதான் சார் தொட்டி நிக்குது."

கான்கிரீட் தொட்டி. அவரே நின்று வார்த்தது. சேர்மன் காரை விட்டு இறங்கியதும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். படிக்கட்டுக்கு மேலே ஒரு சின்னத் தொட்டி வைத்தால் போதும், தண்ணீருக்கு அது தாராளம் என்று அன்றைக்கே கோதண்டத்துக்குத் தெரியும். சேர்மன் கேட்டபோது அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். என்ன வார்த்தை என்பதை இப்போது நினைத்துப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

"நான் என்ன செய்யணும்?" என்றார்.

எல்லாரும் அவரிடம் கேட்கிற கேள்வி அது. அவர் யாரிடமும் கேட்டதில்லை.

ராபியா எழுந்து நின்றாள். 

"தொட்டியை இடிக்கணும் சார்."

"ம்."

"எங்களால முடியலன்னு சேர்மன்கிட்ட சொல்லக் கூடாது. குழாய் சரியில்ல, கேபிள் சரியில்லன்னு எங்க தலையில போடக் கூடாது. தொட்டி அங்க வந்ததே தப்புன்னு நீங்க போய்ச் சொல்லணும். உங்க வாயால சொல்லணும்." கையால் கதவைக் காட்டினாள். "எந்திரிங்க சார். அவரு இன்னும் ஆபீஸ்லதான் இருக்காரு. போய்ச் சொல்லிட்டு வாங்க."