மாலைக்கு அடியில் சிவப்பு நூல்

முன்னொரு காலத்திலே செங்கழனி நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மாலையில் நினைவிருக்காது. யாராவது புகழ்ந்தால் மட்டும் ஏழு ஜென்மத்துக்கும் மறக்காது.

அந்த நாட்டு மலையூர்களில் பனிக்காலம் வந்தால் ஒரு காய்ச்சலும் வந்து, குழந்தைகளை வாரிக்கொண்டு போகும். அதற்கு மருந்து கண்டுபிடிக்க, ஊரார் கொடையில் ஒரு மருந்துசாலை நடந்தது. கொடை கொடுத்தவர் பெயரில் ஆளுக்கொரு மருந்துக் குடம். சோதனையில் தோற்ற மருந்தென்றால், தலைமை வைத்தியரான சிவக்கொழுந்து அந்தக் குடத்தின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுவாள். தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாதே! உண்மையைச் சொன்னால், வரிசையில் பெரும்பாலும் சிவப்புதான்.

கொடையாளர் சபைக்குத் தலைவர் செம்பியரையர். அவர் பெயர்க் குடத்துக்கும் போன மாதம் நூல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மகாராஜா, கொடையாளர்கள் பௌர்ணமியன்று பார்க்க வருகிறார்கள். இத்தனை தோல்வியைக் கண்டால் இனி எவன் கொடுப்பான்? நூலையெல்லாம் அறுத்தெறியச் சொல்லுங்கள். மறுத்தால் இந்த அம்மாளை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார் அரையர், ராஜசபையில்.

"சரியான பேச்சு! தோற்றது எதுவும் அன்று யார் கண்ணிலும் படக்கூடாது" என்றார் ராஜா.

"நூல் போனால் இத்தனை நாள் பட்ட பாடும் போச்சு, மகாராஜா. வருகிற பனிக்கு எந்தக் குடத்தை நம்பி மலையேறுவேன்?" என்று கெஞ்சினாள் சிவக்கொழுந்து. ராஜா தம் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டியது. வெற்றிலையை மென்றபடி பின்னாலேயே வந்தார் அமைச்சர் வெண்காடர்.

"ஏன் அம்மா கலங்குகிறாய்? அறுக்கச் சொன்னது அரையர். ராஜா சொன்னது, கண்ணில் படக்கூடாது என்று. நீ யார் பேச்சைக் கேட்பாய்?"

"ராஜா பேச்சைத்தான்."

"அப்படியானால் பூக்காரனுக்கு நான் சொல்லிவிடுகிறேன்."

பௌர்ணமியும் வந்தது. ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் கனமான மல்லிகை மாலை. கொடையாளர்கள் வாயைப் பிளந்தார்கள். நூல்கள் அறுபட்டதாகவே நினைத்த அரையருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"உங்கள் கொடையில் ஒரு துளிகூட வீணில்லை! இங்கே இருப்பதெல்லாம் வென்ற மருந்து!"

வெண்காடர் கைகூப்பி எழுந்தார். "காதுக்கு எவ்வளவு இனிப்பு! சபைத் தலைவர் தம் பெயர்க் குடத்திலிருந்து ஒரு கரண்டி அருந்தி விழாவைத் தொடங்கி வைக்கட்டுமே."

"ஆமாம், குடியும்!" என்று கைதட்டினார் ராஜா.

அரையர் முகம் வெளிறியது. "இன்று எனக்கு விரதம்..."

"மருந்து குடித்தால் விரதம் கெடாது" என்றார் வெண்காடர்.

"பல்வலி வேறு..."

"பல்லில் படாமல் ஊற்றச் சொல்கிறேன்."

ராஜாவின் புருவம் நெரிந்தது. "குடியும் என்றேனே!"

அரையர் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா, காப்பாற்றுங்கள்! அது தோற்ற மருந்து! குடித்த ஆடு அன்றைக்கே சுருண்டு விழுந்தது!"

வெண்காடர் அந்தக் குடத்தின் மாலையை விலக்கினார். உள்ளே சிவப்பு நூல்.

"அரையர் பிழைத்தது இந்த நூலால்தான். அவர் கொடை வீண் என்று யார் சொன்னது? முதல் பலனே அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கொடையாளர்களில் ஒருவரான எண்ணெய் வாணிகர் பொன்னம்பலச் செட்டியார் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அம்மா, என் குடத்தில் நூல் உண்டா?"

"இதுவரை இல்லை ஐயா. தோற்றால் கட்டத்தான் செய்வேன்."

"கட்டுங்கள். மறைக்காத இடம் என்றால், அடுத்த குடத்துக்கும் நானே தருகிறேன்."

அப்போதுதான் எல்லார் கண்ணும் வரிசையின் முதல் குடத்துக்குப் போனது. அது ராஜாவின் பெயர்க் குடம். அதற்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய மாலை. அதற்கு நூல் கட்டியதும் சிவக்கொழுந்துதானே!

ராஜா இறங்கி வந்தார். மாலையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு. மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அரையரே, தலைமையை விடும். இந்தப் பனிக்கு மலைக்குக் குடம் சுமப்பது உம் வேலை. நூல் விஷயத்தில் இனி இந்த அம்மாள் வைத்ததுதான் சட்டம். மாற்றச் சொல்லி நானே வந்தாலும் கேட்க வேண்டாம்" என்றார். தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடர் கழுத்தில் போட்டார்.

சேவகன் ஒருவன் ஓடிவந்து, மல்லிகை மாலையை ராஜாவின் குடத்தில் மறுபடி சாத்தப் போனான்.

ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமடா. நூல் தெரியட்டும்."