பனியைத் தீட்டிய சாத்தையன்

கதை கேட்க உட்கார்ந்தவர்களே, கொஞ்சம் நெருங்கி வாருங்கள். இது மெல்லச் சொல்ல வேண்டிய கதை.

மலைகள் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த காலத்தில், நீலவாடி என்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. அதன் மேட்டில் சாத்தையன் என்ற ஓவியர் தனியாகக் குடிசை போட்டிருந்தார். உப்புக்கும் துணிக்கும் தவிர ஊருக்குள் இறங்க மாட்டார். நாற்பது வருஷமாக அந்தப் பள்ளத்தாக்கைத்தான் பார்த்தார், அதைத்தான் தீட்டினார். கண்ணால் காணாத ஒரு புல்லைக்கூட அவர் தீட்டியதில்லை. சரியான பிடிவாதக்காரர், போங்கள்.

வடக்கே கோளரி என்றொரு மன்னன். அவனுடைய ஆயிரம் யானைகளுக்கு மேய்ச்சல் நிலம் போதவில்லை. நீலவாடி பசுமையாக இருந்தால் குடிகளை விரட்டிவிட்டு யானைகளை விடலாமென்று நினைத்தான். பொய்யே தீட்டாத அந்த ஓவியர், ஊரை வரைந்து நாலு நாளில் கொண்டுவர வேண்டும் என்று ஆளனுப்பினான்.

யானைகளை விடப்போகும் சேதி கசிந்து ஊரே கூடிப் புலம்பியது. மாடு மேய்க்கும் நாச்சி மேடேறி வந்தாள். வறண்ட பூமியாக வரைந்துவிடும்படி கெஞ்சினாள்.

"ஒரே ஒரு பொய்தான் அண்ணே. அத்தனை பேரும் பிழைச்சுப்போவோம்."

முதல் நாள் ஆற்றை வற்றவைக்கப் பார்த்தார். கை நீரைத் தீட்டியது. இரண்டாம் நாள் மரங்களை மொட்டையாக்கப் பார்த்தார். கை தளிரைத் தீட்டியது. மனுஷருக்கு அழுகையே வந்துவிட்டது. தன்னால் ஊர் அழியப்போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடியலில் வாசலுக்கு வந்தார். பனி இறங்கியிருந்தது. ஆறு இல்லை, மரம் இல்லை, ஊர் இல்லை. பாதித் தூக்கத்தில் காணும் கனவு போல எல்லாம் வெள்ளையாக மிதந்தது. எப்போதும் பனி விலகக் காத்திருந்துதான் தூரிகையை எடுப்பார். அன்று காத்திருக்கவில்லை. சுண்ணாம்பைக் குழைத்து, ஓவியச் சீலையில் கண்டதைக் கண்டபடியே தீட்டினார்.

நாலாம் நாள் அரண்மனையில் மன்னன் அந்தச் சீலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்டதைத்தான் தீட்டினாரா என்று கேட்டான். ஆமாம் என்றார். எத்தனை வருஷமாகப் பார்க்கிறார் என்று கேட்டான். நாற்பது என்றார்.

"நாற்பது வருஷம் பார்த்தும் இவ்வளவுதானா?"

"இன்னும் பார்த்து முடியவில்லை, மன்னா."

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த வெள்ளைப் புகையை மேய்ந்து யானை பிழைக்காது, அவை நம் காட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிச் சீலையைத் திருப்பிக் கொடுத்தான்.

ஊர் எல்லையில் நாச்சி ஓடிவந்து, என்ன பொய் வரைந்தீர்கள் என்று கேட்டாள். சாத்தையன் சீலையை விரித்துக் காட்டினார். தினமும் தான் மாடு ஓட்டிப்போகும் விடியலைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நீதி இதுதான்: ஒன்றை நேசித்து எல்லா வேளையிலும் பார்த்து அறிந்தவருக்கு, அதைக் காப்பாற்றப் பொய் தேவைப்படாது.