புரட்டாசியில் வைத்த பானை

முரசு ஆற்றோடு இறங்கி வந்தது. மருதங்குடியில் அடித்தால் வேட்டங்காட்டுக்குக் கேட்கும். வேட்டங்காட்டில் அடித்தால் அதற்கடுத்த ஊருக்கு. ஒவ்வோர் ஊரும் வாங்கி வாங்கி அடித்து, கடைசியில் கடலோரத்துக் கழியூருக்கு வந்து சேரும்போது அது முரசுபோலவே இருக்காது. நனைந்த துணியை யாரோ தூரத்துக் கல்லில் அடிப்பதுபோல் இருக்கும்.

ஆவுடையப்பன் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டபோது அவருக்குப் பல் விழுந்து முளைக்கும் வயது. அப்பா கையில் ஓலை நறுக்கு ஒன்று இருந்தது. அதில் இன்னும் பெயர் எழுதவில்லை.

"முடிஞ்சுது" என்றார் அப்பா. அந்த ஓலையாலேயே பல்லைக் குத்திக்கொண்டு எழுந்து போனார்.

ஆற்றோரத்து ஏழு ஊர்களுக்கும் சேர்த்து ஒரு தலைவர். வேண்டியவர் பெயரை ஓலையில் எழுதிப் பானையில் போடுவார்கள். எல்லா ஊரும் ஒரே நாளில் போடுவதில்லை. தை அறுப்பு முடிந்ததும் மருதங்குடி போடும். மாசியில் வேட்டங்காடு. இப்படியே இறங்கி, வைகாசியில் கழியூர். அந்தந்த ஊர்ப் பானையை அன்று மாலையே உடைத்து எண்ணி முரசு அடித்துவிடுவது வழக்கம். தலைவராக நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமான அடி. மருதங்குடியில் எந்த அடி விழுந்ததோ, அதுவே பெரும்பாலும் ஆறு முழுக்க விழும். கழியூர் பானை வைக்கும்போது தலைவராக நின்ற மற்றவர்கள் விலகி வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மருதங்குடி ஏன் முதலில் என்று யாருக்கும் தெரியாது. முதலில் இருந்ததால் முதலில் இருந்தது.

ஏழு ஊர் ஆட்களையும் எந்த வேலைக்கு அனுப்புவது என்று தலைவர்தான் முடிவு செய்வார். மருதங்குடிக்குப் படித்துறை வந்தது. குளம் வந்தது. குளத்துக்குப் போகும் வழியெல்லாம் நிழல்மரம் வந்தது. கழியூருக்குக் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு மண்கரை இருந்தது. புரட்டாசிதோறும் ஊரே கூடை கூடையாய் மண் சுமந்து அதை உயர்த்தும். ஐப்பசியில் கடல் அதைக் கரைக்கும். கல்லால் ஒரு கரை. அதுதான் கழியூருக்கு வேண்டியிருந்தது.

பானை வைக்க நாள் குறித்துத் தருபவர் நீலாயதாட்சி அம்மை. அவருடைய அப்பா செய்த வேலை. அவர் போன பிறகு மகளுக்கு வந்தது. ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர். ஆனாலும் கழியூரை நடத்தும் தலைக்கட்டு ஆன பிறகும் ஆவுடையப்பன் அமாவாசைதோறும் படகேறிப் போய் அம்மை முன்னால் உட்கார்ந்தார். மனம் அடங்க வழி கேட்டுத்தான் போக ஆரம்பித்தார். அடங்கியதாகத் தெரியவில்லை.

மருதங்குடியின் தலைக்கட்டு பெரியநாயகியும் அங்கேதான் வருவார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தப் பங்குனி அமாவாசையில் அம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார் ஆவுடையப்பன். "மருதங்குடி மட்டும் ஏன் எப்பவும் முதல்ல?"

"ஆரம்பிச்சுட்டாரு" என்றார் பெரியநாயகி.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு என்ன! நிக்கிறவன் எல்லாம் உங்க ஊர்லதான் சாப்பிடுறான், உங்க ஊர்லதான் தூங்குறான்."

"பின்னே? போன தடவை ஒருத்தர் எங்க எருமையைப் பேர் சொல்லி விசாரிச்சாரு. அதுக்கே எங்க நாத்தனார், 'என் பேத்தி காதுகுத்துக்கு வரலையே, அவருக்கு எப்படி ஓலை போடுறது'ன்னுட்டா."

"எருமை பேர் தெரியுது. எங்க ஊர்ப் பேர் தெரியலை. எங்க ஊருக்கு வந்து நின்னுக்கிட்டு, 'மருதங்குடி மக்களே'ன்னு ஆரம்பிச்சான்."

பெரியநாயகி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அந்த ஊர்க் கத்தரிக்காயை எல்லாரும் புகழுறாங்கம்மா" என்றார் ஆவுடையப்பன். "சப்புன்னு இருக்கும். நான் தின்னு பாத்திருக்கேன்."

அம்மை கொட்டை எடுப்பதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"கரை வேணும்."

"என்கிட்ட கரை இல்லை. நாள்தான் இருக்கு."

"அப்ப நாளைக் குடுங்க. இந்தத் தடவை எங்க பானை முதல்ல. மார்கழி."

"மார்கழியில உங்க ஊர்ல என்ன வேலை?"

"பயிர் நிக்கும். வேலை கம்மி."

அம்மை எழுந்து, சுண்ணாம்பைத் தொட்டுச் சுவரில் ஒரு பொட்டு வைத்தார். வீட்டுச் சுவர்தான் அவருடைய பஞ்சாங்கம். மாதத்துக்கு ஒரு கட்டம்.

பெரியநாயகியின் சிரிப்பு நின்றிருந்தது.

அடுத்த அமாவாசைக்கு அவர் முதலில் வந்து காத்திருந்தார். "எங்க ஊர் கார்த்திகைம்மா."

"கார்த்திகையில என்ன வேலை?"

"மழை. வீட்டுக்குள்ளதான் கிடப்போம்."

அம்மை பொட்டு வைத்தார்.

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தபடி நின்றார். கார்த்திகைக்கு முன்னால் ஐப்பசி. ஐப்பசியில் கடலே ஊருக்குள் வரும், வேறு யார் வருவார்கள்? அதற்கும் முன்னால்...

"புரட்டாசி" என்றார்.

"புரட்டாசியில உங்க ஊர்ல என்ன வேலை?"

படகுத்துறையில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும்வரை ஆவுடையப்பன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா."

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு புரட்டாசிக் கட்டத்தில் பொட்டு வைத்தார்.

"அப்ப எங்களுக்கு ஆவணி" என்றார் பெரியநாயகி.

"ஆவணியில?"

"நடவு" என்றார். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஊர்ல ஒரு ஆள் மிச்சம் இருக்காது. பிள்ளைத்தாச்சி கூட வயல்லதான் நிப்பா."

"குறிக்கவா?"

பெரியநாயகி சுவரைப் பார்த்தார். ஆவுடையப்பனைப் பார்த்தார். கண் கலங்கியது. அது துக்கமில்லை.

"வேண்டாம்."

சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

புரட்டாசி வந்தது. நிற்கிறவர்கள் எல்லாரும் கழியூருக்கு வந்தார்கள். கழியூர் மீன்போல் உலகத்தில் மீன் இல்லை என்றார்கள். திருமேனி என்பவர், ஆவுடையப்பன் வீட்டு ஆடு குட்டி போட்டதைக் கேள்விப்பட்டுக் கொட்டிலுக்கே போய்ப் பார்த்தார். அன்று ஆவுடையப்பனுக்கு நடை மாறிவிட்டது.

பெரியநாயகிக்கு ஒரு கூடை கருவாடு கொடுத்தனுப்பினார். "விருந்துல மிஞ்சினதுன்னு சொல்லு" என்றார் படகுக்காரனிடம்.

கூட்டம் சேர ஊரில் மேடான இடம் ஒன்றே ஒன்றுதான். கரை. காற்றும் நன்றாக வரும். கரைமேல் நீளமாகப் பந்தல் போட்டார்கள். காற்றில் சாயாமல் இருக்க ஆள் உயரத்துக்குக் குழி தோண்டிக் கால் நட்டார்கள். ஒவ்வொருவராக அந்தப் பந்தலுக்குள் நின்று, "இங்கே கல்லுக்கரை எழும்பும்" என்று காலால் தட்டிக் காட்டினார்கள்.

"கரைக்கு மண்ணு?" என்று கேட்டார் ஆவுடையப்பனின் மனைவி செண்பகவல்லி. "கூடையெல்லாம் சும்மா கிடக்கே."

"கல்லுக்கரை வரப்போகுது. மண்ணைக் கொட்டி என்னத்துக்கு?"

"கல்லு எப்ப வரும்?"

"நீ ஒருத்தி. மருதங்குடியில யாரும் மண்ணு சுமக்குறாங்களா?"

"அங்க கடல் இல்லையே" என்றார் செண்பகவல்லி.

ஆவுடையப்பன் அதற்குள் பந்தலுக்குத் தோரணம் போதுமா என்று பார்க்கப் போய்விட்டார்.

பானை உடைந்தது. திருமேனிக்கே அதிக ஓலை. முதன்முதலாக முரசு கடல் பக்கத்திலிருந்து மேலே ஏறிப் போனது. ஆவுடையப்பன் தானே அடித்தார். தோள் வலித்தும் கோலை யாரிடமும் கொடுக்கவில்லை.

மருதங்குடியில் பெரியநாயகி களை எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு வழியாக அது வந்தபோது தலை நிமிரவில்லை. அன்று அவர் எடுத்த களையோடு பயிரும் வந்தது.

மறுநாள் காலை நிற்கிறவர்கள் எல்லாரும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்கள். பந்தலைப் பிரித்தார்கள். கால் நட்ட குழிகளில் வைக்கோலைத் திணித்து மேலே மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டார்கள்.

ஐப்பசியில் கடல் அந்தக் குழிகள் வழியாக வந்தது. முதலில் வைக்கோல் மிதந்தது. மாலைக்குள் கரை இல்லை. நட்ட பயிர் முழுக்க உப்புத் தண்ணீருக்குள் நின்றது. நான்கைந்து நாளில் மஞ்சளாகிப் படுத்தது.

ஆவுடையப்பன் திருமேனியைத் தேடிப் போனார். அவர் வேட்டங்காட்டில் இருந்தார். அவர் மடியில் அந்த ஊர்க் குழந்தை ஒன்று இருந்தது.

"கேள்விப்பட்டேன்யா" என்றார் திருமேனி. "சோறு இறங்கலை."

"கல்லு அனுப்புங்க. ஆள் அனுப்புங்க."

"நான் ஆனியிலதானே உட்காரணும்? இன்னும் ஆறு ஊர் இருக்கே."

"நாங்கதான் முதல்ல போட்டோம்."

"மறப்பேனா? நீங்க போட்டாச்சு." குழந்தை அழுதது. திருமேனி அதன் பக்கம் திரும்பினார். "வேட்டங்காட்டுப் பிள்ளைன்னா குரலே தனி" என்றார்.

கார்த்திகை அமாவாசைக்கு இருவரும் அம்மையிடம் வந்தார்கள். மழை விட்டிருந்தது. ஆவுடையப்பனின் கணுக்காலில் உப்புப் பூத்திருந்தது.

"தண்ணி வடிஞ்சுதா?" என்று கேட்டார் பெரியநாயகி. கேலி இல்லாமல்தான் கேட்டார்.

"வடியுது" என்றார் ஆவுடையப்பன். "முரசு கேட்டுச்சா?"

பெரியநாயகியின் முகம் இறுகியது. "கேட்டுச்சு."

"நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுன்னு சொன்னேன்ல."

ஆவுடையப்பன் அம்மையிடம் திரும்பினார். "அம்மா, புரட்டாசின்னா கரைக்கு மண்ணு போடுற மாசம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் குறிச்சுக் குடுத்தீங்க?"

"என்ன வேலைன்னு கேட்டேனே."

ஆவுடையப்பன் கணுக்காலைச் சொறிந்தார். உப்பு உதிர்ந்தது.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் பெரியநாயகி. "அடுத்த தடவைக்கு இப்பவே வச்சிருங்கம்மா. எங்க ஊர் ஆனி."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். "வைகாசி."

"சித்திரை."

"பங்குனி. தலைவர் யாரா இருந்தா என்ன, நிக்க ஆளே இல்லாட்டி என்ன, நாங்க பானை வைப்போம்."

"வயல்ல உப்பு ஏறியும் வாய் குறையலை பாருங்கம்மா!"

"உப்பு எங்க வயல்ல ஏறினா உங்களுக்கு என்ன? உங்களுக்கு முன்னாடி இருக்கோமா இல்லையா?"

அம்மை சுண்ணாம்புக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஓயும்வரை இருந்தார்.

"பெரியநாயகி, மருதங்குடியில இந்த வருசம் அறுப்பு எப்போ?"

"தையிலதான். எப்பவும்போல." அது ஒரு பேச்சா என்பதுபோல் சொன்னார்.

அம்மை கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார். எழுந்து சுவரருகே போய்த் தைக்கு முந்தின கட்டத்தில் விரலை வைக்காமல் நிறுத்தினார்.

"ஆவுடையப்பன், உங்க ஊர் அறுப்புக்கும் அவங்களுக்கு முந்தி ஒரு நாள் குறிச்சுத் தர்றேன். வாங்கிக்கிறீங்களா?"

ஆவுடையப்பன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் மருதங்குடி வயல்களில் அறுப்புக்கு ஆள் எடுத்தார்கள். கழியூரிலிருந்து கூலிக்குப் போய் அறுத்தவர்களில் ஆவுடையப்பனும் ஒருவர்.